ஒரு மாலைக்கு நான்கு பக்கங்கள்: பிடித்த இசைத்தட்டுகளைப் பிறருக்குக் கேட்கத் தருவது எப்படி

இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கிய எவருக்கும், அலமாரியின் முதல் வரிசை நிரம்புவதற்குள்ளாகவே, தனக்குப் பிடித்ததை இன்னொருவரும் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. இரண்டு நண்பர்களை அழைத்து உட்காரவைத்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து, அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிமிடத்தை மட்டும் தேடிப்பிடித்து ஊசியை வைத்து, அது முடிவதற்குள் அடுத்த தட்டின் உறையைப் பிரித்து, இப்படியாக ஒன்றரை மணி நேரத்தில் 17 தட்டுகளை ‘அறிமுகம்’ செய்து முடித்தேன். வந்தவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கேட்டபோது ஒரு பாட்டின் பெயர்கூட அவர்கள் நினைவில் இல்லை. குற்றம் அவர்கள் மீது இல்லை. நான் அவர்களுக்கு என் அலமாரியைக் காட்டினேனே தவிர, எதையும் கேட்கத் தரவில்லை.

அந்த மாலைக்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றே: பகிர்வதற்கான அளவு தட்டின் ஒரு பக்கம். தனிப்பாட்டு போதாது; முழுத் தட்டு மிகுதி. கீழே வரும் யோசனைகளில் பெரும்பாலானவை அந்த விதியிலிருந்து கிளைத்தவை என்பதால், அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் ஒரு பக்கம்

1948ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை, அதாவது நாம் எல்.பி. என்று அழைப்பதை, வெளியிடுவதற்கு முன்பு புழக்கத்தில் இருந்தவை 78 சுற்றுத் தட்டுகள். அரக்கு கலந்து செய்யப்பட்ட அந்தத் தட்டுகளில், 10 அங்குல அளவில், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிட இசைதான் கொள்ளும். நீண்ட படைப்பு ஒன்றைக் கேட்க வேண்டுமானால், புகைப்பட ஆல்பம் போலக் கட்டிய ஏட்டில் பல தட்டுகளை அடுக்கி வாங்க வேண்டியிருந்தது. பிற்பாடு எல்லாம் ஒரே தட்டுக்குள் அடங்கிவிட்ட போதும் ‘ஆல்பம்’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எல்.பி. வந்தபின் ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கும் மேல் இடைவிடாமல் இசை ஓடியது. கேட்பவர் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து தட்டைத் திருப்பிப் போடுவார் என்பது இசைத்தவர்களுக்கும் தயாரித்தவர்களுக்கும் தெரியும். ஆகவே ஒரு பக்கத்தை எந்தப் பாட்டில் தொடங்குவது, எதில் முடிப்பது, கேட்பவர் எழுந்து நடக்கும் அந்த இடைவெளிக்கு முன் எதை விட்டுச்செல்வது என்பதெல்லாம் எண்ணிப் பார்த்து அடுக்கப்பட்டவை.

இதில் இயற்பியலின் கையும் இருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஊசியின் கீழ்த் தடம் நகரும் வேகம் வெளி விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டராக இருந்து, நடுவை நெருங்கும்போது 20 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிச் செதுக்க வேண்டியிருப்பதால், உயர்ந்த சுரங்களும் உரத்த ஒலிகளும் உட்தடங்களில் எளிதில் சிதைகின்றன. பல தட்டுகளில் ஆரவாரமான பாட்டு பக்கத்தின் தொடக்கத்திலும், அமைதியான பாட்டு அதன் முடிவிலும் வைக்கப்பட்டிருப்பதற்கு அழகுணர்வோடு இதுவும் ஒரு காரணம். ஒரு பாட்டை மட்டும் பிய்த்தெடுத்துக் கேட்கத் தரும்போது இந்த ஏற்ற இறக்கம் முழுவதும் தொலைந்துபோகிறது. பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. தட்டு தரக்கூடியது அந்தப் பக்கத்தின் வடிவத்தைத்தான்.

1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் கொண்டுவந்த 7 அங்குல, 45 சுற்றுத் தட்டுகள் இதற்கு விலக்கு. அவற்றில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. இரண்டு நெடும்பக்கங்களுக்கு நடுவே வாய் கொப்பளிப்பது போல அவற்றை இட்டுக்கொள்ளலாம்.

முதல் வேலை: தேர்ந்தெடுப்பது

ஒரு மாலைக்கு நான்கு பக்கங்கள் போதும். இசை மட்டும் 80 நிமிடங்கள்; தட்டு மாற்றவும், பேசவும், எழுந்து நடமாடவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் போனால் எவ்வளவு நல்ல இசையும் சுமையாகிவிடும்.

தேர்வை அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு தொடங்காதீர்கள். வேறு அறையில் உட்கார்ந்து, ஒரு தாளில், நினைவிலிருந்து பத்துத் தட்டுகளின் பெயரை எழுதுங்கள். அலமாரியின் துணை இல்லாமல் மனத்தில் வருபவைதான் உண்மையில் உங்களுக்குப் பிடித்தவை. நீங்கள் மிகவும் அலைந்து வாங்கிய அரிய தட்டு அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அதைப் பார்த்து வருந்தாமல், அரியது வேறு, பிடித்தது வேறு என்று குறித்துக்கொள்ளுங்கள். சேகரிப்பவர்களாகிய நாம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது போல வேறு எதையும் குழப்பிக்கொள்வதில்லை. முதல் பதிப்பு என்பதும், குறைந்த எண்ணிக்கையில் அச்சானது என்பதும், கடைசித் தடத்துக்கு அருகே கையால் கீறப்பட்ட எழுத்துகளும் நமக்குள் பேசிக்கொள்ளச் சுவையானவை. விருந்தினரின் காதுக்கு அவை எட்டுவதில்லை.

அடுத்து, அந்தப் பத்தையும் தனியாக உட்கார்ந்து, பக்கம் பக்கமாக, தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முழுமையாகக் கேளுங்கள். இதற்கு இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். தவிர்க்கத் தோன்றும்; தவிர்க்காதீர்கள். பல ஆண்டுகளாகக் கேட்காத தட்டு நினைவில் இருந்ததைவிட மெலிந்திருப்பதும், முதல் பாட்டுக்காக மட்டும் நாம் கொண்டாடிய பக்கத்தில் மூன்றாவது பாட்டு இழுவையாக இருப்பதும், மறந்தே போயிருந்த மறுபக்கம் அதைவிட மேலானதாக இருப்பதும் இப்போதுதான் தெரியவரும். பாதி தானாகவே விழுந்துவிடும். எஞ்சும் ஐந்தில் நான்கை முறைப்படி வைத்துக்கொண்டு, ஐந்தாவதைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். அறையின் மனநிலை மாறினால் அது உதவும்.

வரிசைப்படுத்தும்போது வருகிறவர்களை நினைக்க வேண்டும். முதல் பக்கம், அவர்கள் ஏற்கெனவே விரும்பிக் கேட்கும் இசைக்கு அண்டை வீடாக இருக்கட்டும். இரண்டாவது, அங்கிருந்து ஒரு தெரு தள்ளி. உங்களிடம் உள்ளவற்றில் மிகவும் விசித்திரமானது எதுவோ, எதை நினைத்து இந்த மாலையையே ஏற்பாடு செய்தீர்களோ, அதற்குரிய இடம் மூன்றாவது. முதலில் வைத்தால் மிரட்சியும், கடைசியில் வைத்தால் களைப்பும் அதைக் கெடுத்துவிடும். நான்காவது பக்கம் இறங்கி வருவதற்கானது. அடர்த்தியான வாத்தியக் குழுவுக்குப் பின் தனியொரு கருவி, நீண்ட குரலிசைக்குப் பின் குரலே இல்லாத பக்கம் என்று மாற்றிக் கொடுத்தால் காது களைப்பதில்லை. பேச்சு வழியாகவும் பாடல்வரி வழியாகவும் நிற்கும் தட்டுகளை, அந்த மொழி தெரியாதவர்கள் இருக்கும்போது நான் வைப்பதில்லை. நடுநடுவே மொழிபெயர்த்துச் சொல்லும் சபலத்தை என்னால் அடக்க முடியாது என்பதே காரணம்.

78 சுற்றுத் தட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்.பி.க்கான ஊசியின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் ஆரம் கொண்டது. 78 சுற்றுத் தட்டின் தடமோ அதைவிடப் பன்மடங்கு அகலமானது. அதற்கென 75 மைக்ரான் அளவிலான தனி ஊசி வேண்டும். சாதாரண ஊசி அந்த அகன்ற பள்ளத்தின் அடியில் போய் உரசிக்கொண்டு இரைச்சலைத்தான் தரும். உரிய ஊசி இல்லையென்றால், அந்தத் தட்டைக் கையில் கொடுத்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தட்டைத் தயார் செய்தல்

இந்த வேலையை முந்தின நாளே முடித்துவிட வேண்டும். தட்டை விளிம்பிலும் நடுத்தாளிலும் (நடுவில் பெயர் அச்சிட்டு ஒட்டிய வட்டத் தாள்) மட்டும் கை படும்படி பிடித்து, ஒற்றை விளக்கின் ஒளி சாய்வாக விழும்படி திருப்பிப் பாருங்கள். தூசியும், விரல் ரேகையும், கீறலும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

தூசிக்குக் கார்பன் இழைத் தூரிகை போதும். தட்டைச் சுழலவிட்டு, தூரிகையை அழுத்தாமல் தொட்டாற்போல் இரண்டு மூன்று சுற்றுகள் பிடித்து, மெல்ல வெளிப்பக்கமாக இழுத்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒலிக்கவிடும் முன்பு இதைச் செய்வது வழக்கமாகிவிட வேண்டும். விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூரிகைக்கு அசைவதில்லை. அவற்றுக்குத் தட்டுகளுக்கென்று விற்கப்படும் கழுவுநீரையோ, வாலை வடிநீரில் மணமற்ற பாத்திரச் சோப்பு நீர் ஓரிரு சொட்டுகள் மட்டும் கலந்ததையோ பயன்படுத்தலாம். மென்மையான மைக்ரோஃபைபர் துணியைத் தடங்கள் ஓடும் திசையிலேயே வட்டமாகச் செலுத்த வேண்டும். குறுக்கே துடைக்கக் கூடாது. பின்பு வெறும் வடிநீரில் மறுபடி துடைத்து, நடுத்தாள் நனையாமல் பார்த்துக்கொண்டு, நிற்கவைத்து முழுவதும் உலரவிடுங்கள். குழாய் நீர் உலரும்போது உப்பைத் தடத்துக்குள் விட்டுச்செல்லும் என்பதால்தான் வடிநீர். 78 சுற்று அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் கலந்த எந்தக் கரைசலும் படக் கூடாது; அரக்கை அது கரைத்துவிடும்.

கீறலுக்கு மருந்து இல்லை. அதை மதிப்பிடத்தான் முடியும். நகத்தின் நுனியால் மிக மெல்லத் தடவும்போது தட்டுப்படாத மேலோட்டமான கீறல் பெரும்பாலும் காதுக்குக் கேட்காது. தட்டுப்படும் கீறல் கேட்கும். 33⅓ சுற்றுத் தட்டு ஒருமுறை சுற்றி வர 1.8 நொடிகள் ஆகும். ஆகவே, அதே இடைவெளியில் ‘டிக்’ என்று ஓர் ஒலி திரும்பத் திரும்ப வந்தால் அது குறுக்கே விழுந்த ஒரே கீறல் என்று பொருள். சில சுற்றுகளில் கடந்துபோய்விடும் கீறலுக்காக ஒரு நல்ல பக்கத்தை நான் ஒதுக்குவதில்லை. ஊசி துள்ளி முன்னும் பின்னும் தாவும் தட்டை மட்டும் கட்டாயம் விலக்கிவிடுங்கள். தடம் சிக்கி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடும் தட்டைச் சேகரிப்பவர் சிரித்துக்கொண்டு மன்னிப்பார். புதிதாகக் கேட்பவர் ‘இதற்காகவா இவ்வளவு பாடு’ என்றே நினைப்பார்.

வளைந்த தட்டை, சுழலும்போது பக்கவாட்டில் கண்மட்டத்தில் குனிந்து பாருங்கள். ஊசிக்கை லேசாக ஏறி இறங்கினால் பரவாயில்லை. சூடேற்றி நிமிர்த்த முயல்வது பெரும்பாலும் தட்டைக் கெடுப்பதில் முடியும்.

கருவி

கருவியைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. புதியவர்களை அச்சுறுத்துவதும் அதுதான். பிறரை அழைக்கும் முன் பார்க்க வேண்டிய சில மட்டும் இங்கே.

பிளேயர் அசையாத, சமமட்டமான பரப்பில் இருக்க வேண்டும். ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குப் போய், அங்கிருந்து மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, உறுமலாகப் பெருகும். ஊசி தட்டின்மேல் தரும் அழுத்தத்தைக் கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்குறிப்பாக மாற்றும் சிறு பாகம்) தயாரிப்பாளர் சொல்லும் அளவில் வையுங்கள். பரவலாகப் பயன்படும் நகரும் காந்த (ஊசியோடு ஒரு சிறு காந்தம் அசையும்) வகைகளில் அது பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராம் வரை இருக்கும். குறைத்து வைத்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை தவறு. அழுத்தம் போதாத ஊசி தடத்தின் சுவர்களில் மோதி மோதித் துள்ளுவதால்தான் அதிகக் கேடு விளைகிறது.

ஊசி தேயும் பொருள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வைர முனையின் வடிவத்தையும் தயாரிப்பையும் பொறுத்து 500 முதல் 1,000 மணி நேரம் வரை என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பழைய பிளேயரை வாங்கியிருந்து, அதிலுள்ள ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாவிட்டால், அதை மாற்றிவிடுங்கள். உங்கள் தட்டுகள் பாழாவது உங்கள் பாடு. விருந்தினர் தம் தட்டைக் கொண்டுவந்து உங்கள் ஊசியின் கீழ் வைக்கும்போது அது அவர்கள் பாடாகிவிடுகிறது.

புதியவர்களுக்கு அடிக்கடி நேரும் சிக்கல் இணைப்பில். தட்டில் ஒலியைச் செதுக்கும்போது கீழ்ச்சுரங்களைக் குறைத்தும் மேல்சுரங்களை உயர்த்தியும் செதுக்குகிறார்கள். இல்லையென்றால் தடம் அகன்று இடத்தைத் தின்றுவிடும், தட்டின் இரைச்சலும் மிகுந்து கேட்கும். 1954 முதல் பரவலான ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் பொது அளவுமுறைப்படி, கேட்கும்போது அதைத் தலைகீழாக்கித் தருவதே போனோ பகுதியின் வேலை. அது ஆம்ப்ளிஃபயரில் இருக்கலாம், பிளேயருக்குள்ளேயே இருக்கலாம், தனிப் பெட்டியாகவும் இருக்கலாம். எங்கும் இல்லையென்றால் ஒலி கம்மியாகவும் கூர்மையாகவும் கேட்கும். இரண்டு இடத்தில் இயங்கினால் பெருத்துச் சிதறும். ஒன்றே ஒன்று, ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலியளவை, பேச்சு தானாக அடங்கும் அளவுக்கு உயர்த்தியும், அருகில் இருப்பவரிடம் குனிந்து ஒரு வாக்கியம் சொல்ல முடியும் அளவுக்குத் தாழ்த்தியும் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவான இருக்கை விருந்தினருக்கு. உங்கள் இடம் பிளேயருக்குப் பக்கத்தில். ஒலி அங்கே அவ்வளவு நன்றாக இருக்காதுதான்.

அந்த மாலை

தட்டு சுழலத் தொடங்கும் முன்பே உறையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். வெறும் பழுப்புத் தாள் சுற்றிய தட்டுகள் விற்ற காலத்தில், 1940ஐ ஒட்டி, கொலம்பியாவில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற ஓவியர் ஆல்பங்களுக்குப் படம் வரைந்த உறை என்ற எண்ணத்தை நிலைநிறுத்தினார். 12 அங்குலத் தட்டுக்கான உறை, கிட்டத்தட்ட ஒரு சிறு சட்டமிட்ட படம். இசையைக் கேட்டுக்கொண்டே கண்ணால் பார்க்கவும், இசைத்தவர்களின் பெயரைப் படிக்கவும், பக்கத்திலிருப்பவருக்கு நீட்டவும் அது இடம் தருகிறது. பழக்கமில்லாத இசையை 20 நிமிடம் சும்மா உட்கார்ந்து கேட்பது பலருக்குக் கடினம். கையில் உறை இருந்தால் அந்தத் தவிப்பு குறைந்துவிடும்.

பேச வேண்டியதைத் தட்டு சுழலும் முன்பே பேசிவிடுங்கள். இரண்டு வாக்கியங்கள் போதும்: இது உங்களிடம் எப்படி வந்தது என்பது ஒன்று, எந்த இடத்தில் காதைக் கூர்மையாக்க வேண்டும் என்பது மற்றொன்று. எடுத்துக்காட்டாக, “உறையில் இருந்த படத்துக்காக மட்டும் இதை வாங்கினேன், மூன்று மாதம் கேட்கவே இல்லை. இரண்டாவது பாட்டில் குரல் நின்ற பிறகு பேஸ் கிதார் தனியாக நடக்கும் இடம் ஒன்று வரும், அதைக் கவனியுங்கள்” என்று சொன்னால், கேட்பவர் முதல் பாட்டைக்கூட எதிர்பார்ப்போடு கேட்பார். “இது வரலாற்றிலேயே மிகச் சிறந்த பதிவு, உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும்” என்று சொன்னால், பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற கவலையோடு உட்கார்ந்திருப்பார். கொடுத்த விலையையும், இப்போது என்ன விலை போகிறது என்பதையும், யாராவது கேட்டாலன்றிச் சொல்லாதீர்கள். கேட்டாலும் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஊசியைக் கையால் இறக்காமல், பிளேயரில் ஊசிக்கையை ஏற்றி இறக்க உள்ள நெம்பை, அதாவது சிறு நெம்புகோலைக் கொண்டு இறக்குங்கள். முதல் பக்கத்துக்குப் பிறகு, விருந்தினரில் ஆர்வமுள்ள ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைப்பது என் வழக்கம். தட்டின் விளிம்பை உள்ளங்கையிலும் நடுத்தாளை விரல் நுனியிலும் தாங்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுக்க அரை நிமிடம் ஆகும். உடைத்துவிடுவோமோ என்ற அச்சத்தோடு ஊசியை இறக்கியவர், அந்தப் பக்கத்தை வேறு எவரையும்விட உன்னிப்பாகக் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இசை ஓடும்போது வாய் திறக்காதிருப்பது, அழைத்தவருக்குத்தான் மிகக் கடினம். “இதோ வருகிறது, இதோ” என்று சொல்லத் துடிக்கும் நாவை அடக்குங்கள். அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் ரசிப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிடும். பக்கம் முடிந்து, ஊசி கடைசித் தடத்தில் வெறுமனே சுற்றும் ஒலியைச் சில சுற்றுகள் ஓடவிட்டு, பிறகு எழுந்து போய் எடுங்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு “நன்றாக இருந்தது” என்பதைத் தவிர வேறு பதில் வராது. சற்று நேரம் பேசாமல் இருந்தால் அவர்களே ஏதாவது சொல்வார்கள், இசைக்குத் தொடர்பில்லாத பழைய கதையாகவும் அது இருக்கலாம். இசை அவர்களை எங்கே கொண்டுபோனது என்பதற்கு அதைவிட நல்ல தடயம் இல்லை.

பிடிக்கவில்லை என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால், தட்டின் சார்பில் வாதாடாதீர்கள். எந்த இடத்தில் விலகிப்போனார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதியிலேயே எல்லோரும் நெளிந்தால் நெம்பைத் தூக்கிவிட்டு, கைவசம் இருக்கும் ஐந்தாவது பக்கத்துக்குப் போகலாம். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

சிறிய அட்டைகளில், அன்று ஒலித்த தட்டுகளின் பெயர், இசைத்தவர், வெளியான ஆண்டு, எந்தப் பக்கம் என்ற விவரங்களை முன்பே எழுதி வைத்திருந்து, விடைபெறும்போது கொடுங்கள். இதை நான் தற்செயலாகத் தொடங்கினேன். நடுவில் தொலைபேசியை எடுத்துப் பெயரைக் குறித்துக்கொள்பவர்கள், பிறகு அதிலேயே மூழ்கிவிடுவதைப் பார்த்ததால் செய்த ஏற்பாடு. ஆனால் மறுவாரம் ஒருவர் அட்டையைப் பார்த்து மறுபக்கத்தையும் தேடிக் கேட்டுவிட்டு வந்து, அது இன்னும் நன்றாக இருக்கிறதே என்று சண்டைக்கு நின்றார்.

அடுத்த முறை வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவரலாம். அப்போதும் ஆளுக்கு ஒரு பக்கம்தான். வீட்டில் நண்பர்களோடு கேட்பதற்கு அனுமதி எதுவும் தேவைப்படுவதில்லை; அதையே பொது அரங்கில் நடத்த எண்ணினால், பதிவுகளைப் பொதுவில் ஒலிக்கவிடப் பல நாடுகளில் உரிமம் தேவைப்படும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரவல்

கேட்டுப் பிடித்துப்போனவர் தட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பார். திரும்பி வராவிட்டாலும் நட்புக்குக் குறை வராது என்ற தட்டை மட்டும் கொடுங்கள். மிகவும் பிடித்த தட்டின் இன்னொரு பிரதி கண்ணில் பட்டால் வாங்கி வைத்து, அதை இரவலுக்கென்றே ஒதுக்குவது நல்ல வழி; உறை கிழிந்திருந்தாலும் தடம் நன்றாக இருக்கும் பிரதிகள் இதற்குப் பொருத்தமானவை.

கொடுக்கும் முன் அவருடைய பிளேயர் எத்தகையது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மலிவான பெட்டி வடிவப் பிளேயர்கள் சிலவற்றில் ஊசியின் அழுத்தம் வழக்கமான அளவைப் போல இரு மடங்குக்கும் மேல் இருக்கும். ஓரிரு முறை கேட்பதால் தட்டு அழிந்துவிடாது என்றாலும், அரிய தட்டை அதன் கீழ் அனுப்ப மனம் வராது. நோட்டுப் புத்தகம் ஒன்றில் வாங்கியவர் பெயர், நாள், இரு பக்கங்களின் அப்போதைய நிலை ஆகியவற்றை அவர் முன்னிலையிலேயே எழுதுங்கள். பின்னாளில் “இந்தக் கீறல் முன்பே இருந்ததா?” என்ற சங்கடமான பேச்சுக்கு அது வேலை வைக்காது.

தட்டு செல்லும் வழியைப் பற்றியும் சொல்லி அனுப்ப வேண்டும். படுக்கவைத்து மேலே எதையும் அடுக்கக் கூடாது. நிமிர்ந்த நிலையிலேயே இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் சிறிது நேரம் விட்டுவைத்தாலே வினைல் இளகி வளைந்துவிடும். அஞ்சலில் அனுப்புவதானால், தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து அட்டை உறைக்குப் பின்னால் தனியாக வைத்து, இரண்டு பக்கமும் விறைப்பான அட்டை கொடுத்துக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால் வழியில் தட்டு குலுங்கி, உறையின் ஒட்டிய ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். திரும்பி வந்த தட்டை ஒரு வாரத்துக்குள் ஒருமுறை கேட்டுவிட்டு அலமாரியில் வையுங்கள்.

பிளேயரே இல்லாதவர் தட்டைக் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு, 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட இசைத்தட்டை நினைத்துக்கொள்வேன். பொன் முலாம் பூசிய செம்பினால் ஆன அந்த 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 16⅔ சுற்று வேகத்தில் ஒலிக்க வேண்டியது. உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த ஏறத்தாழ 90 நிமிட இசை அதில் இருக்கிறது. அனுப்பியவர்கள் தட்டை மட்டும் அனுப்பவில்லை. கார்ட்ரிட்ஜையும் ஊசியையும் கூடவே வைத்து, எப்படி ஒலிக்கவிடுவது என்பதை உறையின் மேல் படமாகவும் பொறித்து அனுப்பினார்கள். வேற்றுக்கோள்வாசிக்குக் காட்டிய அந்த அக்கறையைப் பக்கத்துத் தெரு நண்பருக்கும் காட்டலாம்: பழைய பிளேயர் ஒன்று சும்மா கிடந்தால் தட்டோடு சேர்த்து அதையும் கொடுத்தனுப்புங்கள். இல்லையென்றால், அதே பக்கத்தைக் கேட்க இன்னொரு மாலை வரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. எல்லோரும் போனபின், தட்டுகளை உறைக்குள் திருப்பி வைக்கும்போதே, இரவல் எழுதும் அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, அன்று யார் வந்தார்கள், எந்தப் பக்கங்களை எந்த வரிசையில் கேட்டீர்கள், எதை மறுபடி கேட்கச் சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். ஒரே கதையை ஒரே ஆளிடம் இரண்டாம் முறை சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தட்டுகளிலும் அது நேரும். மறுபடி கேட்கச் சொன்ன பக்கம் ஏதேனும் இருந்தால், அதே ஆட்கள் அடுத்த முறை வரும்போது, அதை நான்காவதாக வையுங்கள்.